ஈஸ்டைக் கொண்டு நீரில் உலோகம் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகுப்பாய்வு வேதியியல் படிக்கும் முதுநிலை மாணவர்கள் ஆய்வுத் தலைப்பு தேடி வரும்போது இந்தப் பேச்சு எப்படியாவது வந்துவிடும். "செத்துப்போன ஈஸ்ட் தண்ணியில இருக்கிற காரீயத்தைப் பிடிக்குமாமே சார்?" என்று ஒருவர் கேட்பார். பிடிக்கும். ஆனால் பிடித்ததை எண்ணாக மாற்றி, அந்த எண்ணுக்கு நாம் பொறுப்பேற்பது தனி வேலை. சுடர் ஏஏஎஸ் (நீரைச் சுடரில் தெளித்து, உலோக அணுக்கள் உறிஞ்சும் ஒளியைக் கொண்டு அளக்கும் அணு உறிஞ்சல் நிறமாலை) கருவியோடு பல ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கருவி இருக்கும்போது நீரை ஏன் செறிவூட்ட வேண்டும்? நேராக அளக்கக் கூடாதா?

குடிநீரில் காரீயம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500-ம் அதையே சொல்கிறது. மொட்டைமாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அது முழுக்க நிறைந்திருக்கும்போது அதில் 10 மில்லிகிராம் காரீயம் கரைந்திருந்தால் எல்லையைத் தொட்டாயிற்று. ஓர் அரிசியின் எடையில் ஏறக்குறைய பாதி.

நம் கல்லூரிகளில் பரவலாக இருப்பது சுடர் ஏஏஎஸ். காரீயத்துக்கு அதன் கண்டறியும் எல்லை லிட்டருக்குச் சுமார் 10 மைக்ரோகிராம். அதாவது எந்த இடத்தில் "குடிக்கலாம், குடிக்கக் கூடாது" என்று தீர்ப்புச் சொல்ல வேண்டுமோ, சரியாக அந்த இடத்தில்தான் கருவியின் கண் மங்குகிறது. குடிநீரில் காட்மியத்துக்கு அனுமதித்த எல்லை 3 மைக்ரோகிராம். அங்கும் கருவி தடுமாறும். இருக்கிறதா என்று காண்பதற்கும் எவ்வளவு என்று நம்பிக்கையோடு சொல்வதற்கும் மூன்று மடங்குக்கு மேல் இடைவெளி உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆகவே அரை லிட்டர் நீரில் உள்ள உலோகத்தை 5 மில்லிலிட்டருக்குள் கொண்டுவந்துவிட்டால், கருவியை மாற்றாமலே நூறு மடங்கு கீழே பார்க்கலாம். இதற்குப் பெயர் முன்செறிவூட்டல். இன்னொரு பயனும் உண்டு. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது. அதை அப்படியே சுடருக்குள் தெளித்தால் உலோகத்தின் குரல் உப்பின் இரைச்சலில் அமுங்கிப்போகும். செறிவூட்டும்போதே உப்பும் விலகிவிடுகிறது.

இதில் நுண்ணுயிரியின் வேலை என்ன?

அதன் செல் சுவர்தான் வேலை செய்கிறது. ஈஸ்டின் சுவர் மேனான், குளுக்கான் போன்ற சர்க்கரைத் தொடர்களாலும் புரதத்தாலும் கொஞ்சம் கைட்டினாலும் ஆனது. பேசில்லஸ் போன்ற கிராம்-நேர் பாக்டீரியாக்களுக்குத் தடித்த பெப்டிடோகிளைகான் சுவர், அதில் டைக்கோயிக் அமிலங்கள். எதை எடுத்தாலும் வெளிப்பரப்பில் கார்பாக்சில், பாஸ்பேட், அமினோ, ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்திருக்கும். அங்கங்கே கந்தகம் கொண்ட தயோல் தொகுதிகளும் உண்டு. நடுநிலைக்கு அருகிலுள்ள நீரில் கார்பாக்சிலும் பாஸ்பேட்டும் புரோட்டானை இழந்து எதிர்மின் சுமையோடு நிற்கும். நேர்மின் சுமையுள்ள உலோக அயனி வந்து ஒட்டிக்கொள்கிறது. சில இடங்களில் இரண்டு மூன்று தொகுதிகள் சேர்ந்து நண்டுக் கொடுக்குபோல் அயனியைக் கவ்வும்.

பேசில்லஸ் சப்டிலிஸ் சுவரில் உலோகங்கள் எந்தெந்த இடங்களில் படிகின்றன என்பதை பெவரிட்ஜ், மரே இருவரும் 1980-இல் காட்டினார்கள். கழிவுநீரிலிருந்து உலோகத்தை நீக்க இதைப் பயன்படுத்தும் துறையை வளர்த்தவர்களில் முதன்மையானவர் மெக்கில் பல்கலைக்கழகத்தின் போஹுமில் வொலெஸ்கி. அங்கே நோக்கம் நீரைச் சுத்தம் செய்வது. இங்கே நோக்கம் அளப்பது. அளப்பவருக்கு 90 சதவீதம் பிடித்தால் போதாது. பிடித்தது அத்தனையும் திரும்ப வர வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வர வேண்டும்.

உயிரி உயிரோடு இருக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். நான் செத்த செல்லைத்தான் விரும்புவேன். உயிருள்ள செல் உலோகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், மெட்டல்லோதயோனின் போன்ற புரதத்தில் கட்டி வைக்கும், பிடிக்காவிட்டால் வெளியே துப்பும். அன்றைய வெப்பநிலை, உணவு, வயது எல்லாவற்றையும் பொறுத்து மாறும். அப்படி மாறும் ஒன்றை அளவீட்டின் நடுவில் வைப்பது ஆபத்து. உலர்த்திக் கொன்ற செல்லின் சுவர் வெறும் பரப்பு. சில நிமிடங்களில் உலோகத்தைப் பிடிக்கும், அமிலத்தில் விட்டுவிடும், மாதக்கணக்கில் குப்பியில் இருக்கும்.

விதிவிலக்குகள் இரண்டு: உலோகத்தின் வேதி வடிவங்களைப் பிரிக்கும்போதும், உயிரியையே உணரியாக ஆக்கும்போதும் உயிர் தேவைப்படலாம். இரண்டையும் பற்றிக் கீழே வருகிறது.

ஏன் எல்லோரும் ஈஸ்டையே எடுக்கிறார்கள்?

கடையில் கிடைக்கிறது, நோய் தராது, வளர்க்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ரொட்டி ஈஸ்டைத் தவிர குளோரெல்லா பாசி, ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை, எஷெரிஷியா கோலி, சூடோமோனாஸ், பலவகை பேசில்லஸ் என்று நீண்ட வரிசையே ஆராயப்பட்டிருக்கிறது. உலோகத்தைப் பிடிக்கும் அளவில் ஒன்றுக்கொன்று வேறுபாடு உண்டு; ஆனால் முதன்முதலாகச் செய்பவருக்கு அந்த வேறுபாட்டைவிட "இது என் கையைக் கெடுக்காது" என்ற நிம்மதி பெரிது. சூடோமோனாஸ் ஏருஜினோசா நோயெதிர்ப்பு குறைந்தவர்களைத் தாக்கும் கிருமி. நுண்ணுயிரியல் ஆய்வகத்தின் துணை இல்லாத வேதியியல் துறையில் அதை வளர்க்காதீர்கள்.

ஈஸ்டை அப்படியே குழாயில் அடைத்து நீரை ஊற்றலாமா?

ஊற்றிப் பாருங்கள், ஒரு மணி நேரத்தில் களியாகிக் குழாய் அடைத்துக்கொள்ளும். செல்லின் அளவு சில மைக்ரான்தான். அதனால் ஏதாவது ஒரு தாங்கிமேல் அதை ஒட்டவைக்க வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த வழி துருக்கியிலிருந்து வந்தது. அங்கே எஸ்கிஷெஹிர் பகுதியில் செபியோலைட் என்ற மக்னீசியம் சிலிகேட் களிமண் தோண்டி எடுக்கப்படுகிறது. புகைக்குழல் செதுக்கும் வெண்கல் என்று அந்த ஊருக்கே பெயர் வாங்கித் தந்த கனிமம். நார் நாராக, நுண்துளைகளோடு இருக்கும். அங்காராவின் காஸி பல்கலைக்கழகத்தில் ஈஸ்டை இந்தச் செபியோலைட்டில் ஏற்றி இரும்பு, நிக்கல் முதலிய உலோகங்களைச் செறிவூட்டிச் சுடர் ஏஏஎஸ்-இல் அளந்தார்கள். தங்கள் மண்ணில் கிடைக்கும் கனிமம், கடையில் கிடைக்கும் ஈஸ்ட், எல்லாத் துறையிலும் இருக்கும் கருவி. இந்த மூன்றும் சேர்ந்த விதம் எனக்கு இன்றும் அழகாகத் தெரிகிறது.

செய்முறை எளிது. 200 மில்லிகிராம் உலர்ந்த ஈஸ்ட் பொடியை 1 கிராம் செபியோலைட்டோடு கலந்து, சிறிது நீர் விட்டுப் பசைபோல் குழைத்து, 105 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்த வேண்டும். மறுபடி நனைத்து, மறுபடி உலர்த்தினால் செல் நன்றாகப் படியும். பிறகு பொடித்து ஒரே அளவாகச் சலித்துக் குழாயில் நிரப்பலாம்.

சிலிகா ஜெல், அம்பர்லைட் வகைப் பிசின்கள், கார்பன் நானோ குழாய்கள் என்று வேறு தாங்கிகளும் உண்டு. சோடியம் ஆல்ஜினேட்டில் ஈஸ்டைக் கலந்து கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டு ஜவ்வரிசி போல மணிகளாக்கும் முறை மாணவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் ஆல்ஜினேட்டே கடற்பாசிப் பொருள். அதிலேயே கார்பாக்சில் தொகுதிகள் நிறைய. ஈஸ்ட் இல்லாத வெறும் மணியையும் சேர்த்து ஓட்டிப் பார்க்காமல் "ஈஸ்ட் பிடித்தது" என்று எழுதிய ஆய்வேட்டை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஒரு மாதிரி நீர், எடுப்பது முதல் எண் வரை எப்படிப் போகும்?

அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பாலிஎத்திலீன் புட்டியில் நீரை எடுக்கிறோம். 0.45 மைக்ரான் வடிதாளில் வடிக்கிறோம். கரைந்துள்ள உலோகத்தின் மொத்த அளவு மட்டும் போதுமென்றால் தூய நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச்-ஐ 2-க்குக் கீழே இறக்கி வைக்கலாம்; இல்லாவிட்டால் புட்டியின் சுவரே உலோகத்தைத் திருடிக்கொள்ளும். ஆய்வகத்தில் அரை லிட்டரை எடுத்து, அம்மோனியாவும், பிஎச் மாறாமல் காக்கும் அசிடேட் தாங்கல் கரைசலும் சேர்த்து, காரீயத்துக்கு பிஎச் 6 அளவில் கொண்டுவந்து குழாய் வழியே விடுகிறோம். நிமிடத்துக்கு 2 மில்லிலிட்டர் வேகம் என்றால் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் அயனிக்கு ஒட்ட நேரமிருக்காது.

பிறகு கொஞ்சம் நல்ல நீரால் குழாயைக் கழுவி உப்பை நீக்கிவிட்டு, 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5 மில்லிலிட்டர் விட்டு உலோகத்தை இறக்குகிறோம். அந்த 5 மில்லிலிட்டர் சுடருக்குப் போகிறது. நீரில் லிட்டருக்கு 4 மைக்ரோகிராம் காரீயம் இருந்திருந்தால், அரை லிட்டரில் 2 மைக்ரோகிராம். அது முழுதும் இறங்கினால் லிட்டருக்கு 400 மைக்ரோகிராம் என்ற அடர்த்தி. சுடர் ஏஏஎஸ் தயங்காமல் படிக்கும்.

அமிலத்தால் இறக்காமலே முடிக்கும் வழியும் உண்டு. பாசி செல்களை நீரோடு கலக்கி, மையவிலக்கியில் அடியில் சேர்த்து, அந்தக் குழம்பையே கிராஃபைட் உலை ஏஏஎஸ்-க்குள் செலுத்துவது. உலையில் செல் எரிந்துபோகும், உலோகம் அளக்கப்படும். கிராஃபைட் உலை இருப்பவர்கள் இதை முயலலாம்.

பிஎச்-க்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

புரோட்டானும் உலோகமும் ஒரே இருக்கைக்குப் போட்டி போடுகின்றன. பிஎச் 2-இல் கார்பாக்சில் தொகுதிகள் எல்லாவற்றிலும் புரோட்டான் உட்கார்ந்திருக்கும், காரீயத்துக்கோ காட்மியத்துக்கோ இடமில்லை. பிஎச் ஏற ஏற இடம் காலியாகும். 8-ஐத் தாண்டினால் பல உலோகங்கள் ஹைட்ராக்சைடாக வீழ்படிந்து குழாயின் தலையிலேயே தங்கிவிடும். பிடித்தது செல்லா வீழ்படிவா என்று சொல்ல முடியாது. எனவே ஒவ்வொரு உலோகத்துக்கும் பிஎச் வளைகோட்டை உங்கள் கையாலேயே வரைய வேண்டும். அடுத்தவர் கட்டுரையில் 6 என்று போட்டிருந்தால், அது அவருடைய ஈஸ்டுக்கும் அவருடைய தாங்கிக்கும் உரியது.

கிணற்று நீரில் கால்சியம் கொட்டிக் கிடக்கிறதே, அது இடத்தைப் பிடித்துக்கொள்ளாதா?

நல்ல கேள்வி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 40 மில்லிகிராம் கால்சியம் என்பது சாதாரணக் கிணற்று நீர். 10 மைக்ரோகிராம் காரீயத்தோடு ஒப்பிட்டால், ஒரு காரீய அயனிக்குச் சுமார் 20,000 கால்சியம் அயனிகள். கூட்டத்தில் காரீயம் மிதிபட்டுப் போக வேண்டியதுதான், ஆனால் போவதில்லை. கார்பாக்சில், பாஸ்பேட் தொகுதிகள் காரீயத்தையும் தாமிரத்தையும் கால்சியத்தைவிட மிக இறுக்கமாகப் பிடிக்கின்றன. கால்சியம் உட்கார்ந்த இடத்தைக் காரீயம் வந்து வாங்கிக்கொள்ளும்.

எல்லா உலோகத்துக்கும் இந்தச் சலுகை இல்லை. மாங்கனீசு, கோபால்ட் போன்றவை கால்சியத்திடம் எளிதில் தோற்கும். அதோடு, இலைதழை மக்கிய குளத்து நீரில் ஹியூமிக் பொருள்கள் தாமிரத்தைத் தாங்களே கட்டிப்போட்டுக்கொண்டு குழாயைக் கடந்து போய்விடும். அப்படிப்பட்ட நீரை முதலில் அமிலத்தில் செரித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

அமிலம் விட்டால் எல்லா உலோகமும் இறங்கிவிடுமா?

காரீயம், காட்மியம், தாமிரம், துத்தநாகம், நிக்கல் இறங்கும். தங்கம், வெள்ளி, பாதரசம் மூன்றும் அடம்பிடிக்கும். நியூ மெக்சிகோவில் டார்னல் குழுவினர் குளோரெல்லா வல்காரிஸ் பாசியை வைத்து 1986-இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள்: பிஎச் 2-க்கு இறக்கினால் மற்ற உலோகங்கள் விட்டுப்போகின்றன, இந்த மூன்றும் பாசியிலேயே நிற்கின்றன. இவற்றின் நாட்டம் கந்தகத்தின் மேலும் நைட்ரஜனின் மேலும். அவற்றை இறக்கக் கந்தகம் கொண்ட இன்னொரு பொருளைத்தான் தூது அனுப்ப வேண்டும். அவர்கள் மெர்காப்டோஎத்தனாலைப் பயன்படுத்தினார்கள், தங்கத்துக்கு அமிலம் கலந்த தயோயூரியாவும் வழக்கம். தொல்லை போலத் தெரியும் இதே குணம் தங்கத்தைத் தனியாகப் பிரித்தெடுப்பவருக்கு வரம்.

விலை மலிவு என்பதற்காகத்தானே இதைச் செய்கிறார்கள்?

கட்டுரைகளின் முதல் பத்தியில் அப்படித்தான் எழுதியிருக்கும். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். செலெக்ஸ்-100 போன்ற கொடுக்கிணைப்புப் பிசின் ஒரு புட்டி வாங்கினால் பல ஆண்டுகள் வரும். ஒவ்வொரு புட்டியும் ஒரே தரத்தில் இருக்கும். தினமும் ஐம்பது மாதிரி பார்க்கும் ஆய்வகம் ஈஸ்டைக் குழைத்து உலர்த்திக்கொண்டிருக்கத் தேவையில்லை. அந்த வேலையின் கூலியைக் கணக்கிட்டால் மலிவு என்ற பேச்சே நிற்காது.

நுண்ணுயிரிக்கு இங்கே உண்மையான இடம் வேறு காரணத்தால் கிடைக்கிறது. பிசின் பொதுவாக அயனியின் சுமையையும் அது கட்டும் பிணைப்பையும் பார்க்கிறது. செல் அதைவிட நுட்பமாகப் பார்க்கும். ஒரே உலோகத்தின் இரண்டு வடிவங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைப் போகவிடும். அளப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

வடிவங்களைப் பிரிப்பதால் என்ன பயன்? உலோகம் உலோகம்தானே?

மினமாட்டாவை நினையுங்கள். ஜப்பானின் அந்த விரிகுடாவில் மீன் தின்றவர்களின் நரம்பு மண்டலம் சிதைந்தது, 1956-இல் நோய் முறையாகப் பதிவானது. காரணம் மெத்தில் பாதரசம். ஒரு கார்பன் ஒட்டிக்கொண்டதும் பாதரசம் மீனின் உடலில் சேர்ந்து, தின்பவரின் மூளை வரை போகும் பொருளாகிவிடுகிறது. மொத்தப் பாதரசம் இவ்வளவு என்ற எண் இந்தக் கதையைச் சொல்லாது.

மாட்ரிட் கம்ப்ளூட்டென்சே பல்கலைக்கழகத்தில் யோலாண்டா மாட்ரிட், கார்மென் கமாரா இருவரின் குழு இதை ரொட்டி ஈஸ்டிடம் கொடுத்துப் பார்த்தது. 1995-இல் வெளிவந்த அவர்களின் வேலையில், மெத்தில் பாதரசம் ஈஸ்டோடு போனது, கனிமப் பாதரசம் கரைசலிலேயே தங்கியது. மையவிலக்கியில் சுழற்றினால் அடியில் ஒன்று, மேலே மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே, பாதரசத்தை ஆவியாக்கி அளக்கும் குளிர்-ஆவி ஏஏஎஸ் முறையில் அளந்தார்கள். விலையுயர்ந்த நிறப்பிரிகைக் கருவி செய்யும் வேலையை ரொட்டிக்கடை ஈஸ்ட் செய்தது.

அதே குழு ஈஸ்டை வைத்து செலினியத்தின் +4, +6 வடிவங்களையும், ஆன்டிமனியின் +3, +5 வடிவங்களையும் பிரித்தது. இரண்டிலும் குறைந்த ஆக்சிஜனேற்ற நிலையில் உள்ளதைச் செல் எடுத்துக்கொள்கிறது, உயர்ந்ததை விட்டுவிடுகிறது. ஆன்டிமனியில் நச்சு அதிகம் உள்ளது +3 வடிவம். அதாவது நாம் பயப்பட வேண்டியதைத்தான் செல் பொறுக்கி எடுத்துத் தருகிறது. செல்லுக்கு எது தீங்கானதோ அதுவே செல்லோடு அதிகம் உறவாடுகிறது என்று எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை.

நம் ஊர்த் தோல் பதனிடும் பகுதிகளின் குரோமியத்துக்கு இது உதவுமா?

உதவும், ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை நெடுகத் தோல் பதனிடப் பயன்படுவது +3 குரோமிய உப்பு. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து நிலத்தடி நீருக்கு இறங்கியது +6 குரோமியம். நீரையே மஞ்சளாக்கும், புற்றுநோயை உண்டாக்கும் வடிவம். இந்த இரண்டையும் ஒரே எண்ணாகச் சொல்வது நீரைக் குடிப்பவருக்குச் செய்யும் அநீதி.

+3 குரோமியம் நேர் அயனி. பிஎச் 5 அளவில் செல் சுவரில் ஒட்டும். +6 குரோமியம் எதிர்மின் சுமையுள்ள குரோமேட்டாக இருப்பதால் எதிர்மின் சுவரைத் தாண்டிப் போய்விடும். எனவே ஒரு பங்கு நீரை அப்படியே விட்டு +3-ஐப் பிடிக்கலாம். இன்னொரு பங்கில் எல்லாவற்றையும் +3-ஆக ஒடுக்கிவிட்டு மொத்தத்தைப் பிடிக்கலாம். வித்தியாசம்தான் +6.

பொறி எங்கே என்றால், சிலர் +6-ஐ நேரடியாகப் பிடிக்க பிஎச் 2-க்குப் போவார்கள். அங்கே அமினோ தொகுதிகள் நேர்மின் சுமை பெற்றுக் குரோமேட்டை இழுக்கும் என்பது உண்மை. ஆனால் அமிலச் சூழலில் செத்த செல்லின் கரிமப் பொருளே +6-ஐ +3-ஆக ஒடுக்கத் தொடங்கிவிடும். அளக்க வந்த பொருளை அளவுகோலே மாற்றிவிடுகிறது. +6 குறைந்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு எழுதப்பட்ட முடிவுகளில் சில இப்படி வந்தவையாக இருக்கலாம் என்பது என் கவலை. இன்னொன்று: வடிவம் பிரிக்கப்போகும் மாதிரியைக் களத்தில் அமிலமாக்கி வைக்காதீர்கள். குளிரில் வைத்து, அன்றே பாருங்கள்.

ஆர்சனிக்குக்கும் ஈஸ்ட் குழாய் போதுமா?

போதாது. நிலத்தடி நீரில் ஆர்சனைட் சுமையே இல்லாத மூலக்கூறாக இருக்கும், ஆர்சனேட் எதிர் அயனியாக இருக்கும். இரண்டுக்கும் செல் சுவர் நல்ல இருக்கை இல்லை.

இங்கேதான் உயிருள்ள பாக்டீரியா வருகிறது, செறிவூட்ட அல்ல, சொல்ல. பல பாக்டீரியாக்களில் ஆர்சனிக்கை வெளியேற்றும் மரபணுக்கள் உண்டு. அவற்றின் மேல் ஆர்ஸ்ஆர் என்ற புரதம் பூட்டுபோல் உட்கார்ந்திருக்கும். ஆர்சனைட் வந்து அதைத் தொட்டதும் பூட்டு கழலும். அந்தப் பூட்டுக்குப் பின்னால் ஒளி உமிழும் நொதியின் மரபணுவை வைத்துவிட்டால், ஆர்சனிக் உள்ள நீரில் பாக்டீரியா ஒளிரும். சுவிட்சர்லாந்தில் யான் ரூலோஃப் வான் டெர் மேயர் குழுவினர் தீங்கற்ற எஷெரிஷியா கோலியில் இதைச் செய்து, வியட்நாமின் செந்நதி, மேகாங் கழிமுகப் பகுதிகளின் கிட்டத்தட்ட 200 நிலத்தடி நீர் மாதிரிகளில் சோதித்து 2005-இல் வெளியிட்டார்கள். 10 மைக்ரோகிராம் எல்லையைச் சுற்றி அது வேலை செய்தது. செல்லுக்குள் நுழையக்கூடிய ஆர்சனிக்கை மட்டுமே அது பார்க்கும். இரும்போடு சேர்ந்து படிந்துவிட்டதைப் பார்க்காது.

மாதிரியை எடுத்து வராமல், ஆற்றிலேயே விட்டுவைக்க முடியுமா?

முடியும். இங்கிலாந்தின் லங்காஸ்டரில் டேவிசனும் ஹாவோ ஜாங்கும் 1994-இல் அறிமுகப்படுத்திய டிஜிடி என்ற சிறு வில்லை இருக்கிறது. தடிமன் தெரிந்த ஒரு ஜெல் வழியே உலோகம் ஊடுருவி, பின்னாலுள்ள பிசினில் சேரும். சில நாள் ஆற்றில் விட்டு எடுத்தால், சேர்ந்த அளவிலிருந்து அந்த நாட்களின் சராசரி அடர்த்தியைக் கணக்கிடலாம். பிரேசிலில் சாவோ பாவ்லோ மாநில ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பிசினுக்குப் பதிலாக அகரோஸ் ஜெல்லில் ரொட்டி ஈஸ்டைப் பதித்துப் பார்த்தார்கள். ஆலைகள் இரவில் கழிவைத் திறந்துவிடும் ஆற்றில், காலை பத்து மணிக்கு எடுத்த ஒரு புட்டி நீரைவிட இப்படிப்பட்ட வில்லை உண்மையை அதிகம் சொல்லும்.

ஐசிபி-எம்எஸ் இருந்தால் இதெல்லாம் வேண்டாமா?

குடிநீருக்கு வேண்டாம். அணுக்களைப் பிளாஸ்மாவில் அயனியாக்கி நிறையைக் கொண்டு அளக்கும் அந்தக் கருவி நேராகவே லிட்டருக்கு நானோகிராம் அளவுகளைப் பார்க்கும். கடல்நீருக்கு உப்பை நீக்கவும், வடிவம் பிரிக்கவும் அங்கும் தேவைப்படும்.

மரபணு மாற்றிய உயிரிகள் பற்றிக் கேள்விப்படுகிறோமே?

பாதரசத்தை அடையாளம் காணும் மெர்ஆர் புரதத்தை எஷெரிஷியா கோலியின் வெளிப்பரப்பில் வரிசையாக நிறுத்தி, மற்ற உலோகங்களின் நடுவே பாதரசத்தைப் பிடிக்க வைத்திருக்கிறார்கள். இதைவிட என்னை அசத்தியது லான்மொடுலின். இலைகளில் வாழும் ஒரு மெத்திலோபாக்டீரியத்திலிருந்து பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜோசப் கொட்ரூவோ குழு 2018-இல் அறிவித்த சிறு புரதம் அது. அருமண் உலோகங்களைக் கால்சியத்தைவிடப் பத்துக் கோடி மடங்கு விரும்பிப் பிடிக்கிறது. மேலே கால்சியக் கூட்டத்தைப் பற்றிக் கவலைப்பட்டோமே, அந்தக் கவலைக்கே அங்கு இடமில்லை.

கிடைத்த எண்ணை எப்படி நம்புவது?

இந்தக் கேள்வியைத்தான் மாணவர்கள் கடைசியாகக் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டும்.

நான் முதன்முதலில் ஈஸ்ட் குழாய் ஓட்டியபோது, தூய நீரை விட்டே துத்தநாகம் கண்டேன். இரண்டு நாள் கண்ணாடிப் பொருள்களையும் அமிலத்தையும் சந்தேகப்பட்டேன். திருடன் ஈஸ்டுக்குள்ளேயே இருந்தான். ஈஸ்ட் வாழ்வதற்குத் துத்தநாகமும் இரும்பும் வேண்டும். அதன் நொதிகளில் அவை இருக்கின்றன. ஒரு கிலோ உலர் ஈஸ்டில் 100 மில்லிகிராம் துத்தநாகம் என்று வையுங்கள். 200 மில்லிகிராம் ஈஸ்டில் 20 மைக்ரோகிராம். அதில் இருபதில் ஒரு பங்கு அமிலத்தில் கசிந்தாலும் 1 மைக்ரோகிராம். அரை லிட்டர் நீரில் லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் இருப்பதாகக் கருவி சொல்லும். இல்லாததை இருப்பதாகச் சொல்லும். எனவே ஈஸ்டை முதலிலேயே நீர்த்த அமிலத்தால் கழுவ வேண்டும், குறைந்தது பத்து வெற்று மாதிரிகளை (உலோகம் சேர்க்காத தூய நீர்) முழுச் செய்முறை வழியாகவும் ஓட்ட வேண்டும். கண்டறியும் எல்லை என்பது அந்தப் பத்தின் திட்ட விலக்கத்தைப்போல் மூன்று மடங்கு. கருவியின் கையேட்டில் அச்சிட்ட எண் உங்கள் முறைக்குரியது அல்ல.

அடுத்தது மீட்புச் சோதனை. அதே கிணற்று நீரில் தெரிந்த அளவு காரீயம் சேர்த்து, அது 95 முதல் 105 சதவீதத்துக்குள் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். தூய நீரில் மட்டும் செய்துவிட்டு ஆற்றுநீருக்கு எண் சொல்வது பிழை. கடைசியாக, உலோக அளவு முன்பே உறுதிசெய்து சான்றளிக்கப்பட்ட மேற்கோள் நீரையும் ஓட்டிப் பார்க்க வேண்டும்: கனடா தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் எஸ்எல்ஆர்எஸ் ஆற்றுநீர், அமெரிக்க என்ஐஎஸ்டி-யின் 1643 வரிசை நீர். விலை அதிகம்தான். பக்கத்துக் கல்லூரிகளோடு சேர்ந்து ஒரு புட்டி வாங்குங்கள்.

வீட்டுக் குடிநீரை இப்படிச் சோதிக்கலாமா?

முடியாது. செறிவூட்டுவது பாதி வேலைதான்; அளக்கும் கருவி இல்லாமல் பயனில்லை. ஈஸ்டை நீரில் கரைத்தால் நீர் சுத்தமாகும் என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள். காலையில் குழாயைத் திறந்ததும் வரும் முதல் நீரையும், சில நிமிடம் ஓடவிட்ட பின் வரும் நீரையும் தனித்தனிப் புட்டியில் கொடுங்கள். முதலாவதில் மட்டும் காரீயம் கூடுதலாக இருந்தால் அது உங்கள் வீட்டுக் குழாயிலிருந்தோ இணைப்பிலிருந்தோ வருகிறது.

ஆறு மாத ஆய்வுக்கு எங்கிருந்து தொடங்குவது?

ஓர் உயிரி, ஒரு தாங்கி, இரண்டு உலோகம். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். காரீயமும் காட்மியமும் நல்ல ஜோடி. இரண்டும் ஈஸ்டின் உடலில் இயல்பாக இருப்பதில்லை, வெற்று மாதிரி தொல்லை தராது. முதல் மாதம் முழுதும் வெற்று மாதிரியும் பிஎச் வளைகோடும் மட்டும். ஈஸ்ட் இல்லாத வெறும் தாங்கியை ஒவ்வொரு கட்டத்திலும் பக்கத்தில் ஓட்டுங்கள். பாக்டீரியாவைப் பயன்படுத்தினால் 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவில் வைத்து, ஊட்டத்தட்டில் தடவி, ஒன்றும் வளரவில்லை என்று உறுதிசெய்த பிறகே குழாயில் நிரப்புங்கள்.

பயன்படுத்திய குழாயை என்ன செய்வது?

அமிலத்தில் கழுவி மறுபடி பயன்படுத்தலாம். ஒவ்வொரு ஐந்து ஓட்டத்துக்கும் ஒருமுறை மீட்புச் சோதனை செய்யுங்கள். 95-க்குக் கீழே இறங்கிய நாளில் மாற்றிவிடுங்கள். இறக்கிய அமிலத்தைத் தொட்டியில் கொட்டக் கூடாது. அதில் இருப்பது நூறு மடங்கு செறிவூட்டிய காரீயம். மூடியுள்ள கேனில் சேர்த்து, மேலே உலோகத்தின் பெயரும் தேதியும் எழுதி, அபாயக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.